வாரியத்துக்குப் போன குரல்

சாய்-லியென் தன் புருஷனைச் சாப்பிடக் கூப்பிட்டால் சிப்பிச் சந்து முழுக்கக் கேட்கும். மூன்றாவது மாடிக் கம்பிக் கதவைத் திறந்து, இடுப்பில் கைவைத்து நின்று, "ஆ-யூஊஊங்! சோறு ஆறிப்போகுதுய்யா!" என்று ஒரு சத்தம். மீன் ஏலக் கொட்டகையில் படுத்திருக்கும் பூனைகள்கூடத் தலை தூக்கும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் ஆ-யூங் தலை தூக்குவார், அதுதான் முக்கியம்.

ஆ-யூங் அந்தத் தைவான் ஊர்த் துறைமுகத்தில் வாழ்நாளெல்லாம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தார், அப்புறம் சாவி எதற்கு என்பதையே மறந்தார். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். கதவைப் பூட்டினால் குழந்தைபோல அழுவார். அழுகிற புருஷனுக்கு நடக்கிற புருஷன் மேல் என்று சாய்-லியென் விட்டுவிட்டாள். சாயங்காலம் அவள் ஒரு சத்தம் கொடுத்தால் போதும். எந்த முக்கில் நின்றாலும் திரும்பி, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று முனகிக்கொண்டே படியேறி வந்துவிடுவார். சில காலைகளில் அவள் முகத்தைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்பதுண்டு. குரலில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

"முகம் போனாப் பரவாயில்லம்மா," என்றார் மருத்துவர். "குரல் இருக்குல்ல. அதைப் பத்திரமா வச்சுக்குங்க."

பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் வாரியம் வந்தது.

நகர ஒலிச் சிம்பொனி வாரியம் என்பது அதன் முழுப் பெயர். ஊரின் சத்தங்களையெல்லாம் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, மூன்று பெரிய திரைகளில் படம் காட்டி, ஒளியும் புகையும் விட்டு, துறைமுக ஓரத்தில் புதிதாகக் கட்டிய அரங்கில் ஒரு மாபெரும் பல்லூடக சிம்பொனி நடத்துவது திட்டம். பக்கத்து ஊர் மேயர் விளக்குத் திருவிழா நடத்திப் பெயர் வாங்கிவிட்டார். எங்கள் மேயர் யோசிப்பதற்குள் விளக்கு போய்விட்டது, சத்தம்தான் மிச்சமிருந்தது.

வாரியத்தில் எல்லோருக்கும் காதை வைத்துத்தான் பதவி. இளநிலைச் செவி, முதுநிலைச் செவி, அவர்களுக்கெல்லாம் மேலே தலைமைச் செவி. தலைமைச் செவியாக இருந்தவர் ஃபாங் என்பவர். கழுத்தில் எப்போதும் ஹெட்ஃபோன் தொங்கும். யாராவது அவரிடம் பேச வந்தால் அதை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வார். சிம்பொனியை எழுதுகிற இசையமைப்பாளர் வெளிநாட்டில் இருந்தார். ஊரை ஒருமுறை நேரில் வந்து பார்க்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, பார்த்தால் காது கெட்டுவிடும் என்று பதில் வந்தது.

ஆரம்பத்தில் சிப்பிச் சந்துக்கு ஒரே கொண்டாட்டம். காலைச் சிற்றுண்டிக் கடை ஷி, முட்டையப்பம் சுடும் இரும்புக் கல்லில் கரண்டியைத் தட்டித் தட்டிப் பயிற்சி எடுத்தார். மாஜோங் என்கிற கட்டைக்காய் ஆட்டம் ஆடுகிற நான்கு விதவைகளும் சத்தம் கணீரென்று கேட்கப் புதுக் காய்கள் வாங்கினார்கள். கோயிலில் சாமியிடம் கேள்வி கேட்டுத் தரையில் போடுகிற பிறைக்கட்டைகளைப் பூசாரி எண்ணெய் தடவி வைத்தார். பேட்டைத் தலைவருடைய ஒலிபெருக்கி அறிவிப்பு மட்டும் "செயற்கையாக இருக்கிறது" என்று தள்ளுபடியானது. அவர் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை.

சாய்-லியென் வீட்டுக்கு வந்தவள் இளநிலைச் செவி யென். ரோமம் போர்த்திய பெரிய மைக்கைக் கையில் பிடித்திருந்தாள், கழுத்தில் ஒரு சின்னக் கேமரா தொங்கியது. நல்ல பெண், சிரித்த முகம், எதைச் சொன்னாலும் கடைசியில் மன்னிப்புக் கேட்பாள்.

"அக்கா, உங்க குரலைப் பத்தி ஊரே சொல்லுது. ஒரு தடவை கூப்பிடுங்களேன்."

"அவர்தான் இங்கேயே உக்காந்து வேர்க்கடலை உரிச்சிட்டிருக்காரே. எதுக்குக் கூப்பிடணும்?"

"அப்ப அவரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிடலாமா? மன்னிச்சுக்குங்க."

அனுப்பினார்கள். சாய்-லியென் கூப்பிட்டாள். ஆ-யூங் வந்தார், கை கழுவினார், மேசையில் உட்கார்ந்தார். ஆனால் நடுவில் ஒரு ஸ்கூட்டர் போய்விட்டதாம், இன்னொரு தடவை வேண்டுமாம். மறுபடி அவரை இறக்கிவிட்டார்கள். அடுத்த தடவை புறா. அதற்கடுத்த தடவை யென் காதில் கைவைத்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, இதுல சோறு அதிகமா இருக்கு. ஏக்கம் கம்மியா இருக்கு."

"சோறு ஆறுதுன்னா சோறுதான்மா ஆறும். ஏக்கமா ஆறும்?"

கீழே கூட்டம் சேர்ந்திருந்தது. ஷி கரண்டியோடு வந்து நின்று அண்ணாந்து கத்தினார். "அக்கா, என்னைக் கூப்பிடற மாதிரி நெனச்சுக்கயேன்! ஏக்கம் தானா வரும்!"

"உன்னை நெனச்சா ஏக்கம் எங்கடா வரும், எரிச்சல்தான் வரும்!"

சந்தே சிரித்தது. ஆ-யூங்கும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்புறம் மறுபடி இறக்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. கடைசியில் அவர் மூச்சு வாங்கக் கதவருகில் நின்றார், உள்ளே வரவில்லை. மேசையில் இருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"நான் வந்துட்டேன்ல?" என்றார். "இல்ல, இன்னும் வரலையா?"

சாய்-லியென் அவர் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். "போதும்மா," என்றாள் யென்னிடம். "அவரை விட்டுடுங்க."

"கடைசித் தடவை, அக்கா. இப்ப உங்க குரல்ல ஒரு நடுக்கம் வந்திருக்கு பாருங்க. இத்தனை நேரமா அதைத்தான் தேடினோம்."

அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சில நாள் கழித்து, ஷியின் கடைக்கு வாரியத்து ஆட்கள் வந்து இரும்புக் கரண்டியை வாங்கிக்கொண்டு மரக்கரண்டி கொடுத்தார்கள். கோயிலில் பிறைக்கட்டை விழுகிற இடத்தில் மெத்தை போட்டார்கள். சத்தம் வந்தால்தான் சாமி பதில் சொல்லுமா என்ன என்று பூசாரியைத் தேற்றினார்கள். மாஜோங் மேசைக்குப் பஞ்சு விரிப்பு வந்தது. நான்கு விதவைகளும் புதுக் காய்களை அதன்மேல் நகர்த்திக்கொண்டு, எதையோ திருடுகிறவர்கள்போல் ஆடினார்கள்.

அப்புறம் குப்பை வண்டி.

தைவான் முழுக்கக் குப்பை வண்டி பாடிக்கொண்டுதான் வரும். அந்தப் பியானோ மெட்டு தெருமுனையில் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள், பல் துலக்குகிறவன் வாயில் நுரையோடு ஓடுவான். குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது, வண்டியில்தான் எறிய வேண்டும், வண்டி யாருக்காகவும் நிற்காது. அந்த மெட்டு வாரியத்துச் சிம்பொனியின் இரண்டாம் பகுதிக்குத் தேவைப்பட்டது. ஆகவே வண்டி ஊமையாக வந்தது. மஞ்சள் விளக்கு மட்டும் சுழல, யாரும் அறியாமல் சந்துக்குள் நுழைந்து யாரும் அறியாமல் வெளியேறியது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் பையோடு இறங்குவதற்குள் வண்டி அடுத்த பேட்டைக்குப் போயிருந்தது. வீட்டுக்கு வீடு மீன்செதிளும் முட்டை ஓடும் நாறின. ஈ மொய்த்தது. வாரியத்தார் வந்து ஈயின் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். மறுநாள் மருந்தடித்து ஈக்களை ஒன்று விடாமல் கொன்றார்கள். அதற்காவது ஊர் நன்றி சொன்னது.

முணுமுணுப்பு கூடியதும் பேட்டை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைமைச் செவி ஃபாங் நேரில் வந்து மேடையேறினார்.

"பெரியவங்களே, தாய்மார்களே. நான் ஒளிவு மறைவு இல்லாமப் பேசறவன். ஒரு சத்தம் ஒரு இடத்துலதான் இருக்க முடியும். அரங்கத்துல இருந்தா தெருவுல இருக்கக் கூடாது. ரெண்டு இடத்துலயும் இருந்தா அரங்கத்துக்கு யாரு வருவா? எங்க பதிவுதான் அசல். உங்க வாணலியில, உங்க தொண்டையில மிச்சமிருக்கே, அது நகல். நகலை வச்சிருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. சத்தம் வராம வச்சுக்குங்க."

தண்ணீர் குடித்தார். குடிக்கிற சத்தம் வராமல் குடித்தார்.

"இந்தப் பதவிக்கு வந்தப்ப இந்த ஊரோட சத்தம் ஒண்ணுகூட எனக்குப் பிடிக்கல. உண்மையைச் சொல்றேன். எப்பப் பார்த்தாலும் கத்தல், தட்டல், பட்டாசு. இப்ப எல்லாமே பிடிக்குது, அவ்வளவு பிடிக்குது. ஏன் தெரியுமா? பொத்தானை அமுக்கினா நின்னுடுது."

சிலர் கைதட்டப் போனார்கள். இளநிலைச் செவி யென் ஓரத்திலிருந்து கையைத் தூக்கி, "மன்னிச்சுக்குங்க, கைதட்டல் போன வாரமே பதிவாயிடுச்சு," என்றாள். கைகள் மடிக்குத் திரும்பின.

ஷிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அப்ப நாங்க எதைத்தான்யா..." என்று ஆரம்பித்தார். ரோமம் போர்த்திய மைக் ஒன்று அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"அருமை," என்றார் ஃபாங், கண்ணை மூடி. "கேள்வி கேக்கற சத்தம் மட்டும் நம்மகிட்ட இல்லாமலே இருந்தது."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஷி உட்கார்ந்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சாய்-லியென் கம்பிக் கதவைத் திறந்தபோது கீழே யென் குடை பிடித்து நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கிலேருந்து வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"கூப்பிடறது. உங்க குரல் நாலாம் பகுதிக்குப் போயிடுச்சு. ரொம்பப் பெரிய இடம், அக்கா."

"அவருக்குச் சோறு போடணும்மா."

"போடுங்க, யாரு வேண்டாங்கறா? கூப்பிடாமப் போடுங்க."

"என் புருஷன் பேரை நான் சொல்லக் கூடாதா?"

"பேரைத் தாராளமாச் சொல்லுங்க. அந்த இழுப்புதான் வேண்டாம். மன்னிச்சுக்குங்க."

சாய்-லியென் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காமல் சொல்லிப் பார்த்தாள். "ஆ-யூங். சாப்பாடு." செய்தி வாசித்ததுபோல் இருந்தது. ஆணிக்கடை வாசலில் நின்றிருந்த ஆ-யூங் திரும்பவே இல்லை. அவள் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தாள். அவர் நாசூக்காகக் கையை விடுவித்துக்கொண்டார். அன்று முகம் மறந்த நாள்.

"நீங்க யாரும்மா? நான் வீட்டுக்குப் போகணும். என் சம்சாரம் கூப்பிடுவா."

"நான்தான்யா அது."

"இல்லம்மா. அவ இன்னும் கூப்பிடல."

இருட்டும்வரை அங்கேயே நின்றார். ஷியும் அவளும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவர் ஆணிக்கடையில் இல்லை. கொட்டகையில் இல்லை, கோயிலில் இல்லை. மழை வேறு. சாய்-லியென் செருப்பு அறுந்து வெறுங்காலோடு, கடலோரம் அலையைத் தடுக்கப் போட்டிருந்த அலைக்கல் வரை ஓடினாள். ஆ-யூங் கற்களுக்கு நடுவே, முழங்கால் வரை தண்ணீரில், முன்பு அவர் கிரேன் நின்ற பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலை ஏறிக்கொண்டிருந்தது. வாரியமாவது மண்ணாவது. வயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "ஆ-யூஊஊங்! சோறு ஆறிப்போகுதுய்யா!"

அவர் திரும்பினார். "வந்துட்டேன், வந்துட்டேன்," என்று கல்லைப் பிடித்து ஏறி வந்தார். அவரைக் கட்டிக்கொண்டு அவள் அந்த மழையில் ஓவென்று அழுதாள். "எதுக்குடி அழற? அதான் வந்துட்டேன்ல?" என்றார்.

மறுநாள் காலை ஃபாங்கே வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் யென் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். தேநீர் வேண்டாம் என்றார்கள், ஊற்றுகிற சத்தம் பதிவானதாம். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஆ-யூங்கைப் பார்த்து ஃபாங் தலை குனிந்து வணங்கினார்.

"அம்மா, நேத்து நீங்க கூப்பிட்டது அரங்கம் வரைக்கும் கேட்டது. நான் கோவிச்சுக்கல. எனக்கு வருத்தம்தான். கேளுங்க, நேத்துக் குரல்ல பயம் கலந்திருக்கு. கலப்படம். கொஞ்சம் சுதியும் இறங்கியிருக்கு. உங்க புருஷனுக்கு நல்ல சரக்கைக் கொடுக்கணும்னு உங்களுக்கு இல்லையா?"

"அவர் தண்ணியில நின்னுட்டிருந்தாருய்யா!"

"அதனாலதான் சொல்றேன். அந்த மாதிரி நேரத்துல மட்டமான குரலைக் கொடுக்கலாமா? இதோ, அசலைக் கேளுங்க."

யென் பெட்டியில் பொத்தானை அமுக்கினாள். சாய்-லியெனின் குரல் அறை முழுக்க நிறைந்தது. ஸ்கூட்டர் இல்லை, புறா இல்லை, மழை இல்லை. அந்த நடுக்கம் மட்டும் துலக்கி வைத்ததுபோல் இருந்தது. ஆ-யூங் வேர்க்கடலையைக் கீழே போட்டார். எழுந்தார். பக்கத்தில் நின்ற மனைவியைத் தாண்டிப் போய், பெட்டியின் முன்னால் நின்று, "வந்துட்டேன்," என்றார்.

 ஃபாங் ஹெட்ஃபோனை மெதுவாகக் கழுத்துக்கு இறக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஆள் ஒரு பொய்யும் சொல்லாதவர், அதுதான் பயமாக இருந்தது.

"நாலாம் பகுதிக்கு முடிவு கிடைக்காம ரொம்ப நாளாத் தவிச்சிட்டிருந்தோம்," என்றார். "கூப்பிடறது இருக்கு, பதில் இல்லாம இருந்தது. முதல் வரிசையில ரெண்டு இருக்கை போடச் சொல்றேன், அம்மா."

"நாங்க வரலைய்யா."

"நீங்க வராட்டிப் பரவாயில்ல. அவர் வருவாரு. அரங்கேற்றத்தன்னிக்கு ஜன்னலையெல்லாம் திறந்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

அவர்கள் போன கையோடு ஷி மேலே வந்தார். வழக்கமான கிண்டல் முகம் இல்லை. "அக்கா, நீ மறுபடி கூப்பிட்டா நம்ம சந்துக்குக் குப்பை வண்டியே வராதாம். பேட்டைத் தலைவர்கிட்டச் சொல்லிட்டாங்களாம். எல்லாரும் என்னையப் போய்ச் சொல்லச் சொல்றாங்க. நானா சொல்லல."

"நீயும் சொல்றியேடா."

"சொல்றேன்," என்றார் ஷி, தரையைப் பார்த்துக்கொண்டு.

சாய்-லியென் கூப்பிடவில்லை. மத்தியானமானால் அவர் பின்னாலேயே நடந்தாள். ஆணிக்கடை, கொட்டகை, அலைக்கல், மறுபடி ஆணிக்கடை. யாரோ ஒரு அம்மா தன்னைத் தொடர்ந்து வருகிறாள் என்று ஆ-யூங் சங்கடப்பட்டார். ஓரிரு முறை நின்று, "நீங்க முன்னாடி போங்கம்மா," என்று வழிவிட்டார்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு பிற்பகல். இரண்டு பேருமாகவே போனார்கள். அவர் போகத்தான் போகிறார் என்றால் அவரோடு இருப்பதுதான் புத்தி என்று அவள் நினைத்தாள். ஊரே வந்திருந்தது. சொந்தச் சத்தத்தைக் கேட்டு நாளாகிவிட்டதல்லவா, ஏங்கிப் போய் வந்திருந்தார்கள். மேயர் பேசினார், ஃபாங் பேசினார், இசையமைப்பாளர் வெளிநாட்டிலிருந்து திரையில் தோன்றிக் கண்ணை மூடியபடியே வணக்கம் சொன்னார்.

முதல் பகுதியில் ஷியின் இரும்புக் கரண்டி இடிபோல் விழுந்தது. "என் கரண்டி, என் கரண்டி," என்று அவர் பக்கத்திலிருந்தவர் தொடையைத் தட்டினார். பிறைக்கட்டைகள் விழுந்த சத்தத்துக்கு அரங்கில் பாதிப் பேர் குனிந்து தரையைப் பார்த்தார்கள், சாமி சரி என்றதா இல்லை என்றதா என்று. திரையில் புகைதான் தெரிந்தது. நிமிர்ந்தபோது பல முகங்கள் வெளிறியிருந்தன. கேட்டது கேட்டாயிற்று, பதில் தெரியவில்லையே.

இரண்டாம் பகுதி பியானோவில் தொடங்கியது.

குப்பை வண்டி மெட்டு. முதல் நான்கைந்து சுரங்கள்கூட முடியவில்லை, அரங்கமே எழுந்துவிட்டது. யாரும் யோசித்து எழவில்லை, கால்கள்தான் எழுந்தன. வீட்டில் வாரக்கணக்கில் நாறிக்கொண்டிருக்கிற பைகள், வண்டியோ நிற்காது, ஓடு! நாற்காலிகளைத் தாண்டி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மேயரின் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூசாரி அங்கியைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் கதவுகளுக்கு ஓடினார்கள். படிக்கட்டில் சிலருக்குப் புத்தி வந்து நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களையும் தள்ளிக்கொண்டு போனார்கள். அரங்கத்துக் கதவுகள் தானாக மூடிக்கொண்டன. இசை நடக்கும்போது யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி.

மேடையோரத்தில் ஃபாங் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "எழுந்து நின்னுட்டாங்க," என்றார் தழுதழுத்து. "ஊரே எழுந்து நின்னுடுச்சு." மறுநாள் பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது.

ஆ-யூங் ஓடவில்லை. குப்பை எப்போதும் சாய்-லியெனின் வேலை, அவளோ அவர் கையை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலி அரங்கில் மூன்றாம் பகுதி ஓடியது. அதில் ஈக்கள் வந்தன. பிறகு விளக்குகள் அணைந்தன. மூன்று திரைகளிலும் ஒரு வாய் தெரிந்தது, மூன்று மாடி உயரத்துக்கு. அது தன் வாய் என்று சாய்-லியெனுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ஆ-யூஊஊங். சோறு ஆறிப்போகுதுய்யா.

நாற்காலிக் கை அதிர்ந்தது. அவள் கைக்குள் இருந்த கை நழுவியது. ஆ-யூங் எழுந்து, மேடைப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறி, அந்த வாயின் கீழே போய் நின்றார். "வந்துட்டேன், வந்துட்டேன்," என்றார். பக்கத்தில் மண்டியிட்டிருந்த யென் ரோமம் போர்த்திய மைக்கை அவர் உதட்டுக்கு அருகில் நீட்டியிருந்தாள்.

சாய்-லியென் மேடைக்கு ஓடியபோது ஃபாங் குறுக்கே வந்தார். மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"அம்மா, இனிமே அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாதே. 'வந்துட்டேன்'ங்கறது இப்ப நம்மகிட்டப் பதிவாயிடுச்சு. வீட்டுக்கு வந்தா அதைச் சொல்லுவாருல்ல?"

"சொல்லாம வரச் சொல்றேன். வாயைப் பொத்திக் கூட்டிட்டுப் போறேன், விடுங்கய்யா."

"சொல்லாம வந்தா அது வந்ததாகுமா? நீங்களே சொல்லுங்க." அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் ஆ-யூங்குக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஜன்னலில் கடல் தெரியும், கிரேன்களும் தெரியும். சாய்-லியென் நகரசபைக்குப் போனாள், வாரியத்தைக் கேள் என்றார்கள். காவல் நிலையத்துக்குப் போனாள், ஆள் காணாமல் போனால்தான் புகார், உங்கள் ஆள் தினமும் மேடையில் தெரிகிறாரே என்றார்கள். ஷி மட்டும் ஒருமுறை அரங்கத்து வாசலில் நின்று மரக்கரண்டியை ஆட்டிக் கத்தினார். கத்துகிற சத்தம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மறுநாள் அவரைக் காணோம், கடையை மூடிக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

வாரியம் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது, அதை யாரும் மறுக்க முடியாது. ஒவ்வொரு பிற்பகலும் முதல் வரிசையில் உட்காருவார். நான்காம் பகுதியில் குரல் கூப்பிடும். எழுந்து மேடைக்குப் போவார். அங்கே ஒரு மேசை, கிண்ணத்தில் ஆவி பறக்கிற சோறு, மீன்பந்து சூப், அவருக்குப் பிடித்த ஊறுகாய் முள்ளங்கி. உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுவார். பார்க்கிறவர்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள், சத்தமில்லாமல். வெளியூர்ப் பேருந்துகள் வரத் தொடங்கின. ஆ-யூங்குக்குக் கன்னத்தில் சதை வைத்தது.

சாய்-லியென் பல வாரம் கழித்துத்தான் மறுபடி அரங்கத்துக்குப் போனாள். அதுவரை வீட்டில் யாரோடும் பேச்சில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. முதல் வரிசையில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். தலையை யாரோ நேர் வகிடு எடுத்து வாரிவிட்டிருந்தார்கள், அவருக்கு அது பொருந்தவில்லை.

"உக்காருங்கம்மா," என்றார் அவளிடம். "இது யாரும் வராத இடந்தான்."

உட்கார்ந்தாள். ஈக்களின் இரைச்சல் முடிந்து விளக்குகள் அணைகிற நேரம். இதற்காகத்தான் வந்தாள், தாமதிக்கவில்லை. அவர் முகத்துக்கு நேரே திரும்பி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "ஆ-யூஊஊங்!" என்றாள்.

நாள்பட்டுப் புழங்காத தொண்டை. கரகரவென்று, இரண்டாக உடைந்து வந்தது. பின் வரிசைகளில் தலைகள் திரும்பின. யென் எங்கிருந்தோ ஓடி வந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை, நின்றுவிட்டாள்.

ஆ-யூங் அவளை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு ஏதோ சொல்லப் போவதுபோல் அசைந்தது. 

"ஷ்ஷ்," என்றார், விரலை உதட்டில் வைத்து. "சத்தம் போடாதீங்கம்மா. இப்ப என் சம்சாரம் கூப்பிடுவா. காதுல விழாமப் போயிடுச்சுன்னா பொல்லாத கோபம் வரும் அவளுக்கு."

திரைகளில் வாய் திறந்தது. குரல் வந்தது, நடுக்கம் குறையாமல், சுதி பிசகாமல். அவர் முகம் மலர்ந்தது. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா, வீட்ல கூப்பிடறாங்க," என்றார்.

சாய்-லியென் முழங்காலை மடக்கி வழிவிட்டாள்.